வீட்டுலயே சிம்பிளா நன்றி சொல்லி ஒரு பூஜை, வாத்தியார் இல்லாம பண்ணலாமா?

தூக்கம்_வராதவள்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு சத்தமில்லாம போறவ நான், முதல் தடவையா கேக்கறேன், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கோங்க.

அப்பாவுக்கு 7 வாரம் முன்னாடி பைபாஸ் ஆச்சு. நல்லபடியா முடிஞ்சு இப்ப மொட்டை மாடில நடக்கறார், காபி ஏன் இவ்ளோ தண்ணியா இருக்குன்னு அம்மாகிட்ட சண்டை போடற அளவுக்கு தேறிட்டார். ஆபரேஷனுக்கு முந்தின நாள் ராத்திரி அம்மா ஆஸ்பத்திரிலேர்ந்து வீட்டுக்கு வந்து தலைக்கு குளிச்சிட்டு, அப்பாவோட கர்ச்சீப் ஒண்ண மஞ்சத்தண்ணில நனைச்சு அதுல 11 ரூபா முடிஞ்சு, குலதெய்வம் அம்மனை நினைச்சு சாமி ஷெல்ஃப்ல ஒரு பெருங்காய டப்பாக்குள்ள வச்சிருக்காங்க. எனக்கே போன வாரம்தான் தெரியும், டப்பாவை கழுவலாம்னு எடுத்தேன், கத்திட்டாங்க.

இப்ப பிரச்சனை என்னன்னா கோயில் ஊர்ல இருக்கு, கார்ல போனாலே 6 மணி நேரம், கடைசி கொஞ்ச தூரம் ரோடே கிடையாது. 3 மாசம் முடியற வரைக்கும் அந்த மாதிரி குலுங்கற பிரயாணம் வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார். அம்மாவுக்கு அதுவரைக்கும் தாங்கல. "கேக்கும்போது ராத்திரி 11 மணிக்கு கேட்டேன், குடுத்த பிறகு ரெண்டு மாசமா வாயே திறக்கலையே"ன்னு புலம்பறாங்க. அதனால முதல்ல வீட்டுலயே எல்லாரும் சேர்ந்து சின்னதா ஒரு பூஜை பண்ணலாம்னு இருக்கோம்.

அத்தை சத்யநாராயண பூஜைதான் பண்ணணும், அதுவும் வாத்தியார் வச்சுதான் பண்ணணும்ங்கறாங்க. என் வீட்டுக்காரர் ஒரு விளக்கேத்தி கும்பிட்டா போதும்ங்கறார் (அவருக்கு எல்லாமே ஒரு விளக்கேத்தினா போதும்தான்). எங்க யாருக்கும் மந்திரம் தெரியாது. அம்மா, அப்பா, நான், அவர், தம்பி, 8 வயசுல பொண்ணு, 4 வயசுல பையன். எல்லாருக்கும் ஒத்து வர்ற மாதிரி ஒரே ஒரு சாயங்காலம்தான் கிடைக்கும். என்ன பண்ணலாம், எப்படி பண்ணலாம்? வீட்டுல பண்ணிட்டா அந்த முடிஞ்சு வச்ச காசை என்ன பண்றது?

---

வெத்தலைப்பெட்டி:

அப்பா நல்லாருக்காருன்னு கேக்கவே சந்தோஷமா இருக்கு கண்ணு. அம்மா பண்ணது ரொம்ப சரி, அந்த டப்பாவை நீ தொடாத.

அம்மனுக்கு நேர்ந்துக்கிட்டதுன்னா மாவிளக்கு போடு மா, அதைவிட பெருசா ஒண்ணும் வேண்டாம். சமயபுரத்துல பாத்திருப்பே, கும்பல் கும்பலா தட்டுல மாவிளக்கு ஏந்திட்டு நிப்பாங்க. அதையே வீட்டுல படத்துக்கு முன்னாடி வாழை இலை போட்டு வச்சு ஏத்தலாம், மந்திரமே தேவையில்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கு வைக்கற நேரத்துல வச்சுக்கோ.

அளவு சொல்றேன் எழுதிக்கோ. பச்சரிசி 1 டம்ளர், வெல்லம் தட்டிப் பொடிச்சது முக்கால் டம்ளர், ஏலக்காய் ரெண்டு மூணு, நெய். அரிசிய களைஞ்சு 1 மணி நேரம் ஊற வச்சு தண்ணிய சுத்தமா வடிச்சிட்டு, ஒரு பழைய வேட்டில நிழல்ல பரப்பி விடு. ஒரு 15, 20 நிமிஷம் போதும், கையில எடுத்தா ஈரம் தெரியணும் ஆனா கையில ஒட்டக்கூடாது, அந்த பதத்துல மிக்ஸில அரைச்சு சலிச்சுக்கோ. அந்த ஈர மாவுல வெல்லத்தையும் ஏலக்காயையும் போட்டு பிசைஞ்சா தண்ணி ஊத்தாமலே உருண்டு வரும். தயவு செஞ்சு தண்ணி தொடாத. வெல்லத்தையும் ஆசைக்கு அதிகமா போடாத, என் கல்யாணமான புதுசுல மாமியார் முன்னாடி நான் போட்ட மாவிளக்கு அப்படித்தான் வெல்லம் தூக்கலாகி இளகிப்போய், குழியில இருந்த நெய் ஒரு பக்கமா உடைச்சுக்கிட்டு தட்டெல்லாம் ஓடி, திரி படுத்துக்கிச்சு. அவங்க ஒரு வார்த்தை சொல்லல. அதுதான் பயமா இருந்துச்சு.

ரெண்டு உருண்டையா பிடிச்சு, நடுவுல கட்டைவிரலால குழி பண்ணி, சுத்தி மஞ்சள் குங்குமம் வச்சு, குழியில நெய் ஊத்தி நல்ல கனமான பஞ்சுத்திரி போடு. ஏத்தினா அரை மணி நேரம் கிட்ட நின்னு எரியும். அதுவரைக்கும் எல்லாரும் அங்கயே உக்காருங்க, போனை வேற ரூம்ல வச்சிருங்க, தெரிஞ்ச பாட்டு பாடுங்க. விளக்கு அணைஞ்சிருச்சுன்னு மட்டும் யாரும் சொல்லக்கூடாது, மலையேறிடுச்சுன்னு சொல்லணும், சின்னப் பிள்ளைங்களுக்கு முன்னாடியே சொல்லி வை. மலையேறின பிறகு கருகின திரிய எடுத்துட்டு, அந்த நெய் ஊறின மாவுலயே தேங்காய் துருவிப் போட்டு பிசைஞ்சு எல்லாருக்கும் குடு. அந்த நெய் கருகின வாசனையோட சாப்பிட்டவங்களுக்குத்தான் அதோட அருமை தெரியும்.

---

அரைநாள்_லீவு:

சத்யநாராயண பூஜை பத்தி கேட்டதால நான் சொல்றேன், எங்க வீட்டுல 6 வருஷமா நாங்களே பண்றோம், வாத்தியார் கிடையாது. முதல் வருஷம் கூப்பிட்டோம், அவருக்கு அன்னிக்கு இன்னும் 4 வீடு இருந்துச்சு, வண்டிய ஆஃப் பண்ணாமலே பண்ணிட்டுப் போன மாதிரி இருந்துச்சு. அவரையும் குத்தம் சொல்ல முடியாது.

அது பௌர்ணமி சாயங்காலம் பண்ற விரதம். ஆந்திரால அன்னவரம் கோயில்ல தினமும் ஜோடி ஜோடியா வரிசைல உக்காந்து பண்ணுவாங்க, அங்க பாத்துட்டு வந்துதான் எங்களுக்கே தைரியம் வந்துச்சு. கலசம் வச்சு, பூஜை பண்ணி, ஸ்காந்த புராணத்துல ரேவா கண்டத்துல வர்றதா சொல்ற கதைய 5 அத்தியாயமா படிக்கணும். பிரசாதம் எல்லாமே ஒண்ணேகால் கணக்கு, ரவை ஒண்ணேகால்னா சர்க்கரை, பால், நெய் எல்லாம் அதே ஒண்ணேகால், வாழைப்பழம் சேர்த்து கேசரி மாதிரி கிளறுவோம்.

உங்க அம்மா புலம்பறதுக்கும் அந்த கதைக்கும் நேரடி சம்பந்தம் இருக்கு அதனால சொல்றேன். சாதுன்னு ஒரு வியாபாரி, குழந்தை பிறந்தா பூஜை பண்றேன்னு வேண்டிக்குவான். பொண்ணு பிறந்துடும், பேரு கலாவதி. சரி அவ கல்யாணத்துக்குப் பண்ணிக்கலாம்னு தள்ளுவான். கல்யாணமும் ஆயிடும், அப்பவும் பண்ண மாட்டான், அப்புறம் திருட்டுப் பழி வந்து மாப்பிள்ளையோட சேர்ந்து ஜெயில்ல உக்காருவான். பயமுறுத்தறதுக்கு சொல்லல. மூணு மாசம் கழிச்சு கோயிலுக்குப் போய் பெருசா பண்ணிக்கலாம்னு சும்மா இருக்காம இப்பவே சின்னதா பண்ணலாம்னு அம்மா நினைக்கறது கரெக்ட்னு சொல்ல வந்தேன். இன்னொரு கதைல துங்கத்வஜன்னு ஒரு ராஜா, மாடு மேய்க்கறவங்க காட்டுல மரத்தடில பூஜை பண்ணி பிரசாதம் குடுப்பாங்க, இவன் கௌரவம் பாத்து சாப்பிடாம வந்துடுவான், வந்து பாத்தா எல்லாம் போயிருக்கும். அந்த மாடு மேய்க்கறவங்ககிட்ட எந்த வாத்தியார் இருந்தாரு? அத்தைகிட்ட இதைக் கேளுங்க. வேண்டாம், கேக்காதீங்க.

ஆனா உங்க கேஸ்ல நான் சத்யநாராயண பூஜை சொல்ல மாட்டேன். வேண்டிக்கிட்டது அம்மன்கிட்ட, நன்றி மட்டும் வேற இடத்துல சொன்னா எப்படி. மாவிளக்கே போடுங்க. அதோட ஒரு முறைக்காக அஞ்சு உபசாரம் பண்ணிக்கோங்க, முழுசா பண்ணா பதினாறு, சுருக்கமா அஞ்சு: சந்தனம், பூ, தூபம், தீபம், நைவேத்தியம். முதல்ல மஞ்சள்ல ஒரு பிள்ளையார் பிடிச்சு வச்சு அருகம்புல்லோ ஒரு பூவோ போட்டு கும்பிட்டுட்டு, அப்புறம் சங்கல்பம். சங்கல்பம்னா பயப்படாதீங்க, நாங்க யாரு, எதுக்காக இங்க உக்காந்திருக்கோம்னு வாயால சொல்றது அவ்ளோதான். தமிழ்லயே சொல்லலாம். "தாயே, இன்ன நாள் உங்கிட்ட அழுதோம், காப்பாத்திக் குடுத்த, இதோ உக்காந்திருக்கார் பாரு"ன்னு அம்மா சொல்லட்டும். எங்க வீட்டுல ஒவ்வொருத்தரும் ஒரு வரி சொல்லுவோம், போன வருஷம் என் பையன் மேத்ஸ்ல பாஸானதுக்கு தேங்க்ஸ்னான், அவன் பாஸானதே எங்களுக்கு அப்பதான் தெரியும்.

மறுநாள் காலைல மஞ்சள் பிள்ளையாரை லேசா வடக்குப் பக்கமா நகர்த்தி வச்சுட்டு தண்ணில கரைச்சு செடிக்கு ஊத்திடுங்க. மொத்தமே 1 மணி நேரம் ஆகாது.

---

பஞ்சாங்கப்_பிரியன்:

மேலே சொன்னவர்கள் நல்லதுதான் சொன்னார்கள், சில விஷயம் மட்டும் சேர்க்கிறேன். வெள்ளிக்கிழமை ராகு காலம் 10:30 லேர்ந்து 12 வரை, அதனால் சாயங்காலம் தாராளமாகப் பண்ணலாம். ஞாயிற்றுக்கிழமை மாற்றினீர்கள் என்றால் 4:30 லேர்ந்து 6 ராகு காலம், அதைத் தாண்டி விளக்கேற்றுங்கள்.

முக்கியமாக, வீட்டில் பூஜை பண்ணியதால் நேர்த்தி முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. முடிந்து வைத்த காசு அந்த அம்மனுடையது, அது அந்த உண்டியலுக்குத்தான் போக வேண்டும். அவசரத்துக்கு எடுத்துச் செலவழித்துவிட்டு வேறு 11 ரூபாய் வைப்பது எல்லாம் கூடாது. பூஜையன்று அந்த முடிச்சை இலையில் சாமி முன்னால் வைத்துவிட்டு, பிரிக்காமல் திரும்ப அதே இடத்தில் வையுங்கள். "உடம்பு தேறியதும் நேரில் வந்து செலுத்துகிறோம்" என்று சொல்லிக்கொள்ளுங்கள், போதும்.

வீட்டில் தீட்டு ஏதும் இருந்தால் அந்த வெள்ளியை விட்டு அடுத்த வெள்ளி. அன்று சமையலில் வெங்காயம் பூண்டு வேண்டாம்.

---

தூக்கம்_வராதவள்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப தேங்க்ஸ், அம்மாவுக்கு ஒண்ணு விடாம படிச்சுக் காட்டினேன். வியாபாரி கதை வந்ததும் "பாத்தியா, பாத்தியா"ன்னு அப்பாவைப் பாத்தாங்க, அவர் என்ன பண்ணாரு பாவம். மாவிளக்குன்னு முடிவாயிடுச்சு, வர்ற வெள்ளிக்கிழமை.

ரெண்டு சந்தேகம். அப்பாவால கீழ உக்காந்து எழுந்திரிக்க முடியல, சேர்ல உக்காந்தா தப்பா? சாமிய விட உசரமா உக்காரக்கூடாதுன்னு அத்தை. அப்புறம் கற்பூரப் புகை, சாம்பிராணிப் புகை அவருக்கு ஒத்துக்குமா? ஆபரேஷனுக்கு அப்புறம் இருமினாலே நெஞ்சைப் பிடிச்சுக்கறார்.

---

நைட்_ஷிஃப்ட்:

நான் நர்ஸ், கார்டியாக் வார்டுல 9 வருஷம். இந்த மாதிரி த்ரெட்ல எல்லாம் பதில் போட மாட்டேன், கடைசி கேள்விக்காக வந்தேன்.

கீழ உக்கார வைக்காதீங்க. உக்காரறது பிரச்சனை இல்ல, எழுந்திரிக்கும்போது கைய ஊனி உடம்பைத் தூக்குவாங்க இல்ல, அந்த அழுத்தம் முழுக்க நடு நெஞ்செலும்புக்குப் போகும். பைபாஸ்ல அந்த எலும்பை அறுத்துத் திறந்துட்டு கம்பி போட்டுக் கட்டியிருப்பாங்க, அது சேர்றதுக்கு பொதுவா 2, 3 மாசம் ஆகும். விழுந்து கும்பிடறதும் அதே மாதிரிதான், நின்னுக்கிட்டே கை கூப்பினா போதும். தேங்காயும் அவர் உடைக்க வேண்டாம், கனமான குத்துவிளக்கைத் தூக்க வேண்டாம். சேர் உயரமா இருந்தா சாமி படத்தை ஒரு டேபிள்ல தூக்கி வச்சிடுங்க, அத்தை கேள்விக்கும் பதிலாச்சு.

புகை வேண்டாம். இருமல் வந்தா அந்த இடத்துல வலி உயிர் போகும், அதான் நெஞ்சைப் பிடிச்சுக்கறார், ஒரு சின்ன தலைகாணிய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு இரும சொல்லுங்க. ஆரத்திக்கு கற்பூரத்துக்கு பதிலா நெய்த்திரி காட்டுங்க, தூபத்துக்கு ஒரே ஒரு ஊதுபத்தி, அதுவும் ஜன்னல் பக்கமா, இல்லேன்னா அவர் வர்றதுக்கு முன்னாடியே காட்டி முடிச்சிடுங்க. சுகர் இருக்கான்னு நீங்க சொல்லல. இருந்தா மாவிளக்கு ஒரு சுண்டுவிரல் அளவு, இல்லேன்னாலும் நெய்யும் வெல்லமும் அவருக்கு இப்போதைக்கு அவ்ளோதான். ஆசையா கேட்டா கூட.

வார்டுல எவ்ளோ பேர் கையில, தலைகாணி அடில இந்த மஞ்சத்துணி முடிச்சு பாத்திருக்கேன். தியேட்டருக்குள்ள கொண்டு போகக்கூடாதுன்னு வாங்கி அட்டெண்டர் கையில குடுப்போம், சிலர் அதைக் குடுக்க மட்டும் ரொம்ப நேரம் யோசிப்பாங்க.

---

வெத்தலைப்பெட்டி:

நர்ஸம்மா சொன்னதுதான் சரி. சேர்ல உக்காந்தா எந்த அம்மனும் கோச்சுக்க மாட்டா. தேங்காய தம்பிய உடைக்கச் சொல்லு மா, அழுகலா இருந்தா யாரும் மூஞ்சிய சுளிக்காதீங்க, சிரிச்சுக்கிட்டே இன்னொண்ண உடைங்க, அதுக்கு ரெண்டாவதா ஒரு தேங்காய் முன்னாடியே வாங்கி மறைவா வச்சுக்கோ. இது என் மாமியார் சொல்லிக்குடுத்தது.

---

தூக்கம்_வராதவள்:

பூஜை ஆச்சு!! முந்தாநேத்து. சொல்லாம இருக்க முடியல அதனால வந்துட்டேன்.

மாவு நான் அரைச்சேன், முதல் தடவை அரிசி ரொம்ப காஞ்சு போய் பொலபொலன்னு உதிர்ந்துச்சு, உருண்டையே வரல, அம்மா வந்து உள்ளங்கையில நெய் தடவிக்கிட்டு அழுத்தி அழுத்தி எப்படியோ பிடிச்சாங்க. வெடிச்ச இடத்துல எல்லாம் குங்குமம் வச்சு மறைச்சுட்டோம். அப்பா சேர்ல, சாமி டைனிங் டேபிள்ல. பொண்ணுகிட்ட மணி குடுத்தோம், நைவேத்தியம் காட்டும்போது மட்டும் அடின்னா அவ ஆரம்பத்துலேர்ந்து அடிச்சுக்கிட்டே இருந்தா, கடைசில தம்பி மணியோட நாக்கைப் பிடிச்சுக்கிட்டான்.

சங்கல்பம் சொல்றப்ப அம்மா ரெண்டு நாளா மனப்பாடம் பண்ணி வச்சிருந்தாங்க, சமையல் பண்ணும்போதெல்லாம் முணுமுணுத்துக்கிட்டே இருந்தாங்க. அந்த நேரம் வந்ததும் பெருங்காய டப்பாலேர்ந்து முடிச்சை எடுத்து இலையில வச்சாங்க, கை கூப்பினாங்க, "வந்துட்டாரு"ன்னு சொன்னாங்க. அதுக்கு மேல வரல. அப்பாதான் தொண்டைய கனைச்சுக்கிட்டு, ஆபரேஷன் பண்ண டாக்டர், ரத்தம் குடுத்த தம்பியோட ஃப்ரெண்ட்ஸ், 12 நாள் எங்க பசங்களுக்கு சாப்பாடு போட்ட எதிர் வீட்டு அக்கா, ராத்திரி ரெண்டு மணிக்கு வந்த ஆட்டோக்காரர் (அவர் பேரு யாருக்குமே தெரியல, "அந்த ஆட்டோக்காரர்"னே சொன்னார்), ஒவ்வொருத்தரா சொல்லி நல்லா இருக்கணும்னு சொன்னார். அவருக்கு இவ்ளோ ஞாபகம் இருக்குன்னே எங்களுக்குத் தெரியாது. எதிர் வீட்டு அக்காவை அப்புறம் கூப்பிட்டு வெத்தலை பாக்கு மஞ்சள் குங்குமம் குடுத்தோம்.

விளக்கு 25 நிமிஷம் எரிஞ்சுது. எல்லாரும் அதையே பாத்துட்டு உக்காந்திருந்தோம், இப்படி சும்மா ஒண்ணா உக்காந்து எவ்ளோ நாளாச்சுன்னே தெரியல. திரி தள்ளாடி நின்னதும் பொண்ணு கரெக்டா "மலையேறிடுச்சு"ன்னா. சின்னவன் உடனே "எந்த மலை?"ன்னான். யாருக்கும் பதில் தெரியல, அவங்க அப்பா மட்டும் ஜன்னலைத் திறந்து எதையோ கை காட்டினார், அங்க இருக்கறது வாட்டர் டேங்க்.

தேங்காய் ரெண்டும் நல்ல தேங்காய், அதனால சட்னிக்கு ஆச்சு. முடிச்சு திரும்ப டப்பாக்குள்ள போயிடுச்சு. அம்மா அன்னிக்கு ராத்திரி 9 மணிக்கே தூங்கிட்டாங்க.

ஒரே ஒரு கேள்வி பாக்கி இருக்கு. ரெண்டு டம்ளர் அரிசி போட்டுட்டேன், பாதி மாவு அப்படியே ஃப்ரிட்ஜ்ல இருக்கு. பிரசாதம்ங்கறதால கீழ போடவும் மனசு வரல, அப்பா வேற ஃப்ரிட்ஜை அடிக்கடி திறந்து பாக்கறார். என்ன பண்றது?

---

வெத்தலைப்பெட்டி:

நான் ஒரு டம்ளர்னுதானே சொன்னேன்!

ஒரு நல்லா பழுத்த வாழைப்பழத்தை மசிச்சு, கோதுமை மாவு ஒரு கைப்பிடி, கொஞ்சம் தண்ணி விட்டு தோசை மாவைவிட கெட்டியா கரைச்சு பணியாரக்கல்லுல நெய் விட்டு ஊத்தி எடு. எதிர் வீட்டுக்கு மொதல்ல ஒரு தட்டு அனுப்பு. அப்பாவுக்கு ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு. நர்ஸம்மா பாத்துக்கிட்டு இருப்பாங்க.

---

நைட்_ஷிஃப்ட்:

பாத்துக்கிட்டுதான் இருக்கேன். பாதி.